1250 ராண்ட் எப்படி 125050 ஆகிறது? டேட்டாபேஸ் ரிப்போர்ட்டில் எண்கள் கெடும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கோயில் சங்கம் காவடி நன்கொடைப் பட்டியலை டேட்டாபேஸில் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபைலில் 1250,50 ராண்ட் என்றிருக்கும் தொகை ஒரு ரிப்போர்ட்டில் 125050,00 என்று வருகிறது. வேறொரு மென்பொருள் வழியாக ஏற்றினால் அதே தொகை 1250,00 ஆகிறது. மூன்றாவது இடத்தில் பிழைச் செய்தி வந்து வேலையே நின்றுவிடுகிறது. பொருளாளர் மூன்றில் எதை நம்புவது?

உண்மையில், பிழைச் செய்தி தந்து நின்றதுதான் ஒழுங்காக வேலை செய்தது. சத்தம் போடாமல் தப்பான எண்ணைக் கொடுத்த மற்ற இரண்டுதான் ஆபத்தானவை. இது ஏன் நடக்கிறது, எந்த இடத்தில் தேடுவது, கெட்ட பதிவுகளை எப்படி மீட்பது என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரே நாட்டில் இரண்டு வழக்கம்

தென்னாப்பிரிக்கா 1961 பிப்ரவரி 14 அன்று பவுண்டை விட்டு ராண்டுக்கு வந்தது. 1970களில் மெட்ரிக் அளவைகளுக்கு மாறியபோது பின்னத்தைப் பிரிக்கக் கமாவும், ஆயிரங்களைப் பிரிக்க இடைவெளியும் அதிகாரபூர்வ முறையாயின. அதன்படி 1 250,50 என்பதே சரி. பள்ளியில் பிள்ளைகள் படிப்பதும் அதுதான். ஆனால் கடை ரசீது, விலைச்சீட்டு, பெரும்பாலான வணிகக் கடிதங்கள் எல்லாவற்றிலும் இன்றும் புள்ளிதான் ஓடுகிறது: 1,250.50. இரண்டுக்கும் பழகிய மனிதனுக்குக் குழப்பமில்லை. மென்பொருளுக்கு உண்டு.

2012 வரை இந்த மோதல் பெரிதாக வெளியே தெரியவில்லை. விண்டோஸின் ‘இங்கிலீஷ் (சவுத் ஆப்பிரிக்கா)’ அமைப்பில் தசமக் குறியாகப் புள்ளியே இருந்தது. விண்டோஸ் 8, விண்டோஸ் சர்வர் 2012 வந்தபோது அது கமாவாக மாறியது. பல வருஷம் ஒழுங்காக ஓடிய ரிப்போர்ட்டுகள் புதுக் கணினிக்குப் போனதும் கெட்டதற்குக் காரணம் இதுதான். நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. இன்றும் புது சர்வருக்கு மாறும்போதெல்லாம் இதே கதை திரும்ப வருகிறது.

இங்குள்ள தமிழர் நிறுவனங்களில் மூன்றாவது வழக்கம் ஒன்றும் கலக்கிறது. சென்னையிலிருந்து வாங்கிய கணக்கு மென்பொருள் லட்சம், கோடி கணக்கில் பிரிக்கும்: 12,34,567.00. மதிப்பு சரியாகவே இருக்கும், தோற்றம்தான் வேறு. ஆனால் அந்த எண் மேற்கோள் குறி இல்லாமல் சிஎஸ்வி ஃபைலில் (கமாவால் பத்தி பிரிக்கும் எழுத்து ஃபைல்) எழுதப்பட்டால் மூன்று பத்திகளாக, அதாவது காலம்களாக, உடைந்துபோகும், அதற்கு வலப்பக்கம் உள்ள அத்தனையும் இரண்டு பத்தி தள்ளிப்போகும்.

எண் வேறு, அதன் தோற்றம் வேறு

இதில் புரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் மூன்று.

1. தரவு வகை. டேட்டாபேஸில் ஒரு பத்தி ‘டெசிமல்’, ‘நியூமெரிக்’ போன்ற எண் வகையாக இருந்தால் உள்ளே கமாவோ புள்ளியோ இடைவெளியோ கிடையாது, வெறும் மதிப்புதான். ‘வார்ச்சார்’ போன்ற எழுத்து வகையாக இருந்தால் எழுதியது எழுதியபடி எழுத்துகளாகவே கிடக்கும்.

2. லொக்கேல். ஒரு மொழி, ஒரு நாடு இரண்டும் சேர்ந்த அமைப்பு. தசமக் குறி எது, ஆயிரப் பிரிப்பான் எது, தேதி எந்த வரிசை என்பதையெல்லாம் இதுவே சொல்கிறது. இதில் சிக்கல் என்னவென்றால், ஒரே ரிப்போர்ட்டின் வழியில் நான்கைந்து லொக்கேல்கள் இருக்கும்: டேட்டாபேஸ் செஷனுக்கு ஒன்று, சர்வர் கணினிக்கு ஒன்று, ரிப்போர்ட் சேவை ஓடும் அக்கவுண்ட்டுக்கு ஒன்று, படிப்பவரின் பிரவுசருக்கு ஒன்று, எக்செலுக்கு ஒன்று.

3. மாற்றம். எழுத்தை எண்ணாக்குவது ஒன்று, எண்ணை எழுத்தாக்குவது மற்றொன்று. பிழை நடப்பது இந்த இரண்டு கணங்களில்தான். எண் எண்ணாகவே பயணம் செய்யும் வரை எந்த லொக்கேலும் அதைத் தொட முடியாது.

ஆகவே ‘ஃபார்மட் ஏன் தப்பு?’ என்று தேடுவதைவிட, ‘இந்த எண் எந்தெந்த இடத்தில் எழுத்தாக மாறுகிறது?’ என்று தேடினால் சீக்கிரம் பிடிபடும். மாற்றம் இரண்டே இடத்தில் நடப்பதுதான் நல்ல அமைப்பு: உள்ளே நுழையும்போது ஒரு தரம், அச்சுக்கோ திரைக்கோ போகும்போது ஒரு தரம்.

ஒரே எழுத்து, பல முடிவுகள்

‘1250,50’ என்ற ஏழு எழுத்துகளை எண்ணாக மாற்றச் சொன்னால் ஒவ்வொரு கருவியும் என்ன செய்கிறது என்று பாருங்கள். முதல் ஐந்தும் டேட்டாபேஸ்கள், கடைசி இரண்டும் நிரல் எழுதப் பயன்படுபவை.

1. போஸ்ட்கிரெஸ்: நியூமெரிக் வகைக்கு மாற்ற மறுக்கும். பிழைச் செய்தியோடு நிற்கும்.

2. ஆரக்கிள்: செஷனின் தசமக் குறி புள்ளியாக இருந்தால் ஓரா-01722 என்ற பிழை. கமாவாக இருந்தால் சரியாக மாற்றிவிடும். உருவாக்கியவரின் கணினியில் ஓடும் வினவல் இரவு நேரத் தானியங்கி வேலையில் மட்டும் விழுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ‘என்எல்எஸ் நியூமெரிக் கேரக்டர்ஸ்’ அமைப்பைத்தான். அதில் முதல் எழுத்து தசமக் குறி, இரண்டாவது ஆயிரப் பிரிப்பான்.

3. எஸ்க்யூஎல் சர்வர்: டெசிமலுக்கு மாற்றினால் 8114 பிழை. ‘மனி’ வகைக்கு மாற்றினால் கமாவைக் கண்டுகொள்ளாமல் தூக்கிப் போட்டுவிட்டு 125050 என்று வைத்துக்கொள்ளும். எச்சரிக்கைகூட வராது.

4. மைஎஸ்க்யூஎல்: கூட்டல் கழித்தலில் பயன்படுத்தினால் கமா வரை படித்து 1250 என்று எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை ஒன்று பதிவாகும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பதிவேற்றும்போது ஸ்ட்ரிக்ட் மோடு (தப்பான மதிப்பை மறுக்கும் அமைப்பு) அணைந்திருந்தாலும் இதே வெட்டுதான்.

5. எஸ்க்யூலைட்: ‘காஸ்ட்’ என்ற கட்டளையால் எண்ணாக மாற்றினால் 1250. எச்சரிக்கையும் இல்லை.

6. டாட்நெட்: லொக்கேல் சாராத ‘இன்வேரியன்ட்’ முறையில் படித்தால் கமாவை ஆயிரப் பிரிப்பானாக நினைத்து 125050 என்று தரும். கமாவுக்கு வலப்பக்கம் மூன்று இலக்கம் இருக்கிறதா என்று அது சரிபார்ப்பதில்லை.

7. ஜாவாஸ்கிரிப்ட்: ‘பார்ஸ்ஃப்ளோட்’ 1250 என்று தரும். ‘நம்பர்’ என்ற மாற்றம் ‘இது எண் அல்ல’ என்று சொல்லிவிடும்.

எஸ்க்யூஎல் சர்வரில் இன்னொரு பொறியும் உண்டு. ‘இஸ்நியூமெரிக்’ என்ற சோதனை ‘1250,50’-ஐ எண் என்று ஒப்புக்கொள்ளும். அதை நம்பி டெசிமலுக்கு மாற்றினால் அடுத்த வரியிலேயே பிழை வரும். அதற்குப் பதில் ‘ட்ரை கன்வர்ட்’ கொண்டு நேராக டெசிமலுக்கு மாற்றிப் பார்த்து, ‘நல்’ (மதிப்பு இல்லை என்ற குறி) வந்த வரிகளைத் தனியே பட்டியலிடுவதே நம்பகமானது.

பணத்தைச் சேமிக்க ‘மனி’ வகையை விட டெசிமலை வைப்பது நல்லது என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. இந்த ஒன்றே போதும்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி

ஆயிரப் பிரிப்பானாக வரும் இடைவெளி, ஸ்பேஸ் பாரைத் தட்டினால் வரும் இடைவெளி அல்ல. வரி முடிவில் எண் இரண்டாக உடையக்கூடாது என்பதற்காக உடையாத இடைவெளி போடப்படுகிறது. யூனிகோடில் சாதாரண இடைவெளியின் எண் 32, உடையாத இடைவெளியின் எண் 160. குறுகிய உடையாத இடைவெளி என்று இன்னொன்றும் உண்டு, அதன் எண் 8239. மூன்றும் திரையில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும்.

பிரெஞ்சு லொக்கேல் தரவில் 2018-இல் ஆயிரப் பிரிப்பான் 160-லிருந்து 8239-க்கு மாற்றப்பட்டது. எனவே பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் உள்ள கூட்டாளி அலுவலகம் அனுப்பும் ஃபைலில், அவர்கள் ஜாவாவையோ பிரவுசரையோ புதுப்பித்த நாளிலிருந்து வேறு இடைவெளி வரலாம். 160-ஐ மட்டும் நீக்கிக்கொண்டிருந்த இறக்குமதி நிரல் அன்றைக்கு நின்றுபோகும். மொரிஷியஸிலிருந்து ஆங்கில லொக்கேலில் வரும் ஃபைலில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. அங்கே கமாவும் புள்ளியும்தான்.

ஓர இடைவெளிகளை நீக்கும் ‘ட்ரிம்’ இவற்றைத் தொடாது. எண்ணின் நடுவில் இருப்பதை அது எப்படியும் எடுக்காது, ஓரத்தில் இருந்தாலும் பல டேட்டாபேஸ்களில் 32-ஐ மட்டுமே நீக்கும். செய்ய வேண்டியது: மூலப் பத்தியின் மீது ‘ரீப்ளேஸ்’ மூன்று முறை, 32, 160, 8239 மூன்றுக்கும். அதன் பிறகுதான் கமாவைப் புள்ளியாக்க வேண்டும். ஃபைலில் ஆயிரப் பிரிப்பானாகக் கமாவும் வரக்கூடும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கமாவை மாற்றக் கூடாது; ‘1,250’ என்பது ஆயிரத்து இருநூற்றைம்பதா, ஒன்றே கால் ராண்டா என்று எந்த நிரலாலும் ஊகிக்க முடியாது. அனுப்புபவரிடமிருந்து எழுத்துபூர்வமாக ஒரு வடிவத்தை வாங்கிக்கொள்வது மட்டுமே வழி.

எந்தக் கட்டத்தில் கெட்டது?

தப்பாக வந்த ஒரே ஒரு தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தை வைத்துத் தேட வேண்டாம். சென்ட் இருக்கும் தொகையாக இருக்கட்டும். முழு ராண்டில் முடியும் எண் எந்த உண்மையையும் சொல்லாது.

1. டேபிளில் அந்தப் பத்தியின் தரவு வகையைப் பாருங்கள். எழுத்து வகை என்றால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. ஏறுவரிசையில் வரிசைப்படுத்தும்போது 10000 முதலிலும் 9000 பின்னாலும் வருவதும் இதன் அறிகுறியே.

2. எண் வகை என்றால், அந்த மதிப்பை 100-ஆல் பெருக்கி ஒரு வினவல் போடுங்கள். 125050 வந்தால் சேமிப்பு சரி. 12505000 அல்லது 125000 வந்தால் உள்ளே நுழையும்போதே கெட்டுவிட்டது. மதிப்பை அப்படியே கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டேட்டாபேஸ் கருவியும் தன் லொக்கேல்படிதான் கமாவையோ புள்ளியையோ காட்டும்.

3. சேமிப்பு சரி என்றால் ரிப்போர்ட்டின் வினவலைப் படியுங்கள். ‘ஃபார்மட்’, ‘டூ-சார்’ போன்ற சார்பு (ஃபங்ஷன்) எங்காவது நடுவில் இருக்கிறதா? இருந்தால் அங்கே எண் எழுத்தாகிவிட்டது. அதற்குமேல் ரிப்போர்ட் கருவி கூட்டினாலும் வரிசைப்படுத்தினாலும் எழுத்தைத்தான் கையாள்கிறது.

4. வினவல் சுத்தம் என்றால் ரிப்போர்ட் கருவியின் லொக்கேல். அதுவும் சரி என்றால் மிச்சம் இருப்பது ஏற்றுமதியும் எக்செலும்.

ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் எண்ணுக்குப் பதில் ‘######’ வந்தால் அது லொக்கேல் பிரச்சினை அல்ல. எண்ணை எழுத்தாக்கும்போது கொடுத்த வடிவ மாதிரியில் இலக்கங்களுக்கு இடம் போதவில்லை என்று அர்த்தம். தொகை லட்சத்தைத் தாண்டிய மாதத்தில்தான் இது தலைகாட்டும். அதே மாதிரியில் ஆயிரப் பிரிப்பானையும் தசமக் குறியையும் நேரடியாகக் கமா, புள்ளி என்று எழுதியிருந்தால் அவை அப்படியே வரும். ‘ஜி’, ‘டி’ என்ற எழுத்துகளை இட்டிருந்தால் லொக்கேல் சொல்லும் குறிகள் வரும். எல்லோருக்கும் ஒரே தோற்றம் வேண்டும் என்றால் முதலாவது, படிப்பவரின் நாட்டுக்கேற்ப வேண்டும் என்றால் இரண்டாவது.

ரிப்போர்ட் சேவை யாருடைய பெயரில் ஓடுகிறது?

‘டிசைனரில் பார்த்தால் சரி, சர்வரில் போட்டால் தப்பு’ என்பது பழைய புகார். ரிப்போர்ட்டை வடிவமைக்கும் கருவியான டிசைனர் உங்கள் அக்கவுண்ட்டின் ரீஜன் அமைப்பைப் படிக்கிறது. சர்வரில் ரிப்போர்ட் ஒரு சர்வீஸ் அக்கவுண்ட்டின் பெயரில் ஓடுகிறது, அதற்குத் தனி அமைப்பு. சர்வரில் நீங்கள் லாகின் செய்து கன்ட்ரோல் பேனலில் மாற்றுவது உங்கள் அக்கவுண்ட்டை மட்டுமே மாற்றும்.

செய்ய வேண்டியது: கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அதில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் தாவல், அங்கே ‘காப்பி செட்டிங்ஸ்’. கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும்: வெல்கம் ஸ்க்ரீனும் சிஸ்டம் அக்கவுண்ட்களும் ஒன்று, புதிய பயனர்கள் மற்றொன்று. முதலாவதைக் குறியிட்டு, சேவையை நிறுத்தி மறுபடி துவக்க வேண்டும். சேவை தனிப் பெயர் கொண்ட ஓர் அக்கவுண்ட்டில் ஓடினால் இது போதாது. அந்தப் பெயரில் ஒரு தரம் லாகின் செய்து மாற்ற வேண்டியிருக்கும்.

இதைவிட உறுதியான வழி, ரிப்போர்ட்டிலேயே லொக்கேலைக் கட்டிவைப்பது. எஸ்க்யூஎல் சர்வரின் ரிப்போர்ட் கருவியான எஸ்எஸ்ஆர்எஸ்ஸில் ‘லாங்வேஜ்’ என்ற பண்பு உண்டு. அதைப் பயனரின் மொழி என்று விட்டால் படிப்பவரின் பிரவுசர் சொல்வதே சட்டம்: ஒரே அறிக்கை தலைவருக்குக் கமாவோடும் செயலாளருக்குப் புள்ளியோடும் போகும். கணக்கு அறிக்கைக்கு அது ஆகாது.

அதே கருவியில் எண்ணை ‘ஃபார்மட்நம்பர்’ சார்பால் அலங்கரித்தால் எக்செலுக்கு ஏற்றுமதி ஆகும்போது எழுத்தாகப் போகும். டெக்ஸ்ட்பாக்ஸின் ஃபார்மட் பண்பில் வடிவத்தைச் சொன்னால் எண்ணாகவே போகும். அதன் தோற்றம் மட்டும் மாறும்.

டாட்நெட் 5 (2020) வந்தபோது விண்டோஸிலும் லொக்கேல் தரவு ஐசியு என்ற பொது மென்பொருள் நூலகத்திலிருந்து எடுக்கப்படத் தொடங்கியது. அதற்கு முன் விண்டோஸின் சொந்தத் தரவு. மேம்படுத்திய மறுநாள் ஆயிரப் பிரிப்பானோ நாணயக் குறியின் இடமோ நகர்ந்திருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

எக்செலில் திறக்கும்போது

ரீஜன் அமைப்பில் தசமக் குறி கமா என்றால், சிஎஸ்வியின் பத்திகளைப் பிரிக்க எக்செல் எதிர்பார்ப்பது அரைப்புள்ளி. கமாவால் பிரித்த ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் எல்லாம் ஒரே பத்தியில் குவியும். 1250.50 என்பது எழுத்தாக இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ‘சம்’ சார்பு அதைக் கூட்டாமல் தாண்டிப்போகும். மொத்தம் சுழியம் வந்தால் காரணம் இதுவே. மொத்தம் கொஞ்சம் மட்டும் குறைந்தால் இன்னும் மோசம், சில வரிகள் மட்டும் எழுத்தாக இருக்கின்றன.

பலர் விண்டோஸின் தசமக் குறியையே புள்ளியாக மாற்றிவிடுகிறார்கள். எக்செல் சரியாகும், அதே கணினியில் கமாவை எதிர்பார்த்து ஓடும் வேறொரு மென்பொருள் கெடும். அதற்குப் பதில், ஃபைலைத் திறக்காமல் டேட்டா தாவலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியே எடுத்து, ‘சேஞ்ச் டைப் யூசிங் லொக்கேல்’ என்பதில் ஃபைல் எந்த நாட்டு வழக்கத்தில் எழுதப்பட்டதோ அதைச் சொல்லுங்கள். ஏற்கெனவே திறந்துவிட்ட தாளில் ‘நம்பர்வேல்யூ’ சார்பு உதவும். தசமக் குறி எது, பிரிப்பான் எது என்று இரண்டையும் அதற்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

எண்போலத் தெரியும் எண்ணல்லாதவற்றையும் இங்கேதான் இழக்கிறோம். தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கம், பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தில் தொடங்குவது. 2000-க்குப் பிறகு பிறந்த முதல் பத்தாண்டுப் பிள்ளைகளின் எண்கள் சுழியத்தில் தொடங்கும். எக்செல் அதைத் தின்றுவிடும். டர்பனின் 031 தொலைபேசி எண்களுக்கும், பிரிட்டோரியாவின் 0001 என்ற அஞ்சல் குறியீட்டுக்கும் அதே கதி. 16 இலக்க அட்டை எண்ணில் கடைசி இலக்கம் சுழியமாகும், ஏனெனில் எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். இவற்றைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. எனவே டேட்டாபேஸிலும் இறக்குமதியிலும் எழுத்து வகையாகவே வைக்க வேண்டும்.

ஒரு சென்ட் வித்தியாசம்

தோற்றப் பிழை என்று புகார் வந்து, பார்த்தால் கணக்கு முறை வேறாக இருக்கும் இடம் இது. மதிப்புக்கூட்டு வரி 2018 ஏப்ரல் 1 முதல் 15 சதவீதம். 4.70 ராண்டுக்கு வரி 0.705. எஸ்க்யூஎல் சர்வரின் ‘ரவுண்ட்’ அதை 0.71 ஆக்கும். டாட்நெட்டின் ‘மேத் ரவுண்ட்’, ஆக்சஸின் ‘ரவுண்ட்’ இரண்டும் சரிபாதி வந்தால் இரட்டை இலக்கத்துக்குச் சாயும்: 0.70. இரண்டுமே பிழையல்ல, வேறு வேறு விதி.

ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக முழுமையாக்குவதும் மொத்தத்தில் முழுமையாக்குவதும் வேறுபடும். 10.03 ராண்ட் மசாலாப் பொட்டலம் மூன்று: ஒவ்வொன்றுக்கும் வரி 1.5045, அதாவது 1.50, மூன்றும் சேர்ந்து 4.50. மொத்தம் 30.09-க்கு வரி 4.5135, அதாவது 4.51. எதை எடுப்பது என்பதைக் கணக்காளர் முடிவு செய்ய வேண்டும், ரிப்போர்ட் வடிவமைப்பவர் அல்ல.

ஏற்கெனவே கெட்ட பதிவுகள்

கமாவைத் தூக்கி எறிந்தாலும் கமாவோடு நறுக்கினாலும் விளைவு ஒன்றில் ஒத்துப்போகிறது: சென்ட் காணாமல் போகும். கடை விலைகள் பெரும்பாலும் சென்ட்டோடு இருப்பதால் இது நல்ல தடயம். ஒவ்வொரு நாளும் சென்ட் பகுதி சுழியம் அல்லாத வரிகள் எத்தனை என்று தேதிவாரியாக எண்ணுங்கள். ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து அந்த எண்ணிக்கை சட்டென்று சுழியமானால், அன்றைக்குத்தான் ஏதோ ஓர் அமைப்பு மாறியிருக்கிறது.

தேதி கிடைத்ததும் அதற்குப் பிந்திய தொகைகளையெல்லாம் 100-ஆல் வகுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யக் கூடாது. ‘1250,50’ 125050 ஆகியிருக்கும், 100-ஆல் வகுத்தால் சரி. ‘1250,5’ என்று வந்தது 12505 ஆகியிருக்கும், 10-ஆல் வகுக்க வேண்டும். ‘1250’ என்று வந்தது கெடவே இல்லை. டேபிளில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து எது எந்த வகை என்று சொல்ல வழியில்லை.

மூல ஃபைல்களைத் தேடி எடுத்து, தனி டேபிளில் எழுத்து வகையாக அப்படியே ஏற்றுங்கள். இடைவெளிகளை நீக்கி, வடிவத்தை வெளிப்படையாகச் சொல்லி டெசிமலாக மாற்றுங்கள். மாறாத வரிகளைக் கையால் பாருங்கள். பிறகு ரசீது எண்ணை வைத்துப் பழைய டேபிளோடு ஒப்பிட்டு, வேறுபடும் வரிகளை மட்டும் திருத்துங்கள். பழைய மதிப்பை அழிக்காமல் இன்னொரு பத்தியில் திருத்திய தேதியோடு வைத்தால், ஆடிட்டர் போன வருஷ அறிக்கையோடு ஒப்பிடும்போது கையில் பதில் இருக்கும். மூல ஃபைல் இல்லாத மாதங்களுக்கு வங்கி அறிக்கைதான் கடைசி வழி. அதில் பெரும்பாலும் தனித்தனி ரசீதுகள் தெரியாது, மொத்தம் மட்டுமே தெரியும்.